ஹேண்டிலைத் தூக்கினவன்

அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னே மனோரமாவுக்கு ஒரு வேலை உண்டு. புருஷனுக்கு பூட்ஸ் மாட்டிவிட வேண்டும். குமரவேல் கட்டில் விளிம்பில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து இடது காலை நீட்டுவான். கணுக்காலுக்கு மேல் ஏறுகிற கம்பெனி பூட்ஸ், உள்ளே தகடு வைத்துத் தைத்தது. அவள் தரையில் குந்தி, காலுறையை உருட்டி ஏற்றி, குதிகாலைத் தன் தொடையில் முட்டுக் கொடுத்து உள்ளே தள்ளி, மூன்று பட்டையையும் இறுக்குவாள். ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டர் கம்பெனி பைக் ஓட்டுகிற ஆளுக்குத் தன் கால்விரலைத் தொடக் குனிய முடியாது. ஒன்றரை வருஷமாக இது அந்த வீட்டுச் சுவரைத் தாண்டாத சங்கதி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. பழக்கத்தில் அவள் கட்டிலடியில் குந்திவிட்டாள்.

"எழுந்திருமே. இன்னிக்கி வண்டி இல்ல" என்றான்.

"கால நீட்டு பாவா. மரத்துக்கினு கீதா?"

"கட்டவெரல் மட்டும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"கிள்றேன், சொல்லு."

"கிள்ளு."

"கிள்ளிட்டேன்."

வெளியே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று திருவாலங்காட்டு ஆலைப் பக்கம் முக்கிக்கொண்டு போனது. மாசிப் பனி இன்னும் விலகவில்லை.

"புதன்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்" என்றான் குமரவேல்.

புதன்கிழமை கம்பெனி டாக்டர் பார்க்கிறார். அடுத்த மாடல் வண்டியை இரண்டு வருஷம் ஓட்டிப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். ஓட்டுகிற பதினோரு பேருக்கும் தலைமையாக ஒருத்தனைப் போடுவார்கள். அந்த இடத்துக்கு குமரவேல் பேர்தான் முதலில் இருக்கிறது. டாக்டர் குனியச் சொல்வார், காலைத் தூக்கச் சொல்வார். அதற்குத்தான் வேலூரிலிருந்து வாங்கி வந்த ஊசி மருந்து அலமாரியில், அரிசி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. போட்டுக்கொண்டால் அரை நாள் வலி தெரியாது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதையும் அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். நேற்று தண்ணிக் குடம் தூக்கினதில் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அவர்கள் டிபன் கடை திருத்தணி தாண்டி, திருப்பதி ரோட்டில். தகரக் கூரை, நாலு மேசை, பின்னால் வீடு. கடையில் நின்று திரும்பிப் பார்த்தால் மலையும் கோபுரமும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சென்னையிலிருந்து பெரிய பைக் வைத்திருக்கிறவர்கள் கூட்டங்கூட்டமாக வருவார்கள். மனோரமாவின் வேர்க்கடலைச் சட்னிக்கென்றே நிற்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் காரம் தூக்கலாக, ஆந்திரா பக்கத்து மிளகாய் போட்டு அரைப்பாள்.

இரண்டு பேருமே பள்ளிப்பட்டுத் தறிக்காரக் குடும்பம். அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டாள். விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று அலுத்த பிறகு, குமரவேல் நூல் மூட்டையை மொபெட்டில் கட்டி நகரிக்கும் திருத்தணிக்கும் அடித்துக்கொண்டிருந்தான். மழையில், சேற்றில், எண்பது கிலோ மூட்டையோடு அவன் வளைவில் திரும்புகிறதைப் பார்த்த கம்பெனி ஆள் ஒருத்தர்தான் கூட்டிக்கொண்டு போனார். பதினைந்து வருஷம் ஆயிற்று. இன்னும் விற்பனைக்கு வராத வண்டியை ஓட்டி, எது ஆடுகிறது, எது சுடுகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

வண்டியின் உருவம் தெரியாமல் கறுப்பு வெள்ளையாக டேப் சுற்றியிருக்கும். பின் சீட்டில் ஆளுக்குப் பதில் அறுபது கிலோ மணல் மூட்டை. ரோட்டோரத்துச் சனங்கள் அதற்கு மூட்டை வண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். இந்தப் பதினைந்து வருஷத்தில் மனோரமா அந்த மாதிரி வண்டியில் ஒரு நாளும் ஏறினதில்லை. கம்பெனி சட்டம்.

"என்னைய விட அவகூடத்தான் நீ ஜாஸ்தி சுத்திக்கினு கீற" என்பாள். மணல் மூட்டைக்கு அவள் வைத்த பேர் சக்களத்தி. போன வருஷம் ஒரு மூட்டை வார் அறுந்து வேண்டாமென்று கழித்தார்கள். குமரவேல் அதைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டான். ஆடிக் காற்றில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதுதான் முட்டு. "வூட்டுக்கே கூட்டாந்துட்டியா?" என்று அவள் கேட்டது அந்தப் பக்கத்து டிரைவர்கள் மத்தியில் ரொம்ப நாள் சிரிப்பாக இருந்தது.

இந்த மாடலை ஓட்ட ஆரம்பித்த இரண்டாம் மாசம்தான் அவன் முதுகு போனது. நெடுந்தூரமும் போகலாம், வேகமாகவும் போகலாம் என்கிற ரகம். ஏற்கெனவே பேர் வாங்கிய வண்டியைப் புதுசாக்குகிறார்கள். ஹேண்டில் தாழ்வாக, எட்டி இருக்கும். உடம்பைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் ரேணிகுண்டாவுக்கு அந்தண்டை வண்டியை ஓரங்கட்டிவிட்டு, புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அதை அவளிடம் சொன்னதே ஒரு மாசம் கழித்து.

பள்ளிப்பட்டில் ஒரு கைத்தறியில் ஆள் மாறினால் முதல் வேலை, உட்காருகிற பலகையை எடுத்துவிட்டுத் தன் இடுப்புக்கு ஏற்றபடி வேறு கட்டை கொடுப்பது. அதற்கு யாரிடமும் கேட்கிற வழக்கம் இல்லை. அதே கையோடு குமரவேல் சோளிங்கர் ரோட்டு லேத்துப் பட்டறையில் இரண்டு அலுமினியத் துண்டு கடைந்து வாங்கி, ஹேண்டிலுக்கு அடியில் வைத்து முடுக்கிவிட்டான். ஒரு அங்குலம் தூக்கி, ஒரு விரற்கடை உள்ளே இழுத்து. கம்பெனி வண்டி, கேட்காமல் கை வைக்கவே கூடாது. ஆனால் மூன்றாம் வாரம் இன்ஜினியர்களே கேட்டார்கள், உன் ஷிஃப்டில் மட்டும் கடைசி நூறு கிலோமீட்டர் வேகம் எப்படிக் குறையாமல் இருக்கிறது என்று. அவன் துண்டைக் காட்டி, கை சௌகரியமாக இருக்கிறது என்றான், முதுகைப் பற்றிச் சொல்லவில்லை. மற்ற ஓட்டுநர்களைக் கேட்டார்கள். "ஆங், அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு அங்குலத்தோடு வண்டி விற்பனைக்கு வந்துவிட்டது.

அவன் முதுகு அளவுக்குத் தைத்த சட்டையை ஊருக்கே விற்கிறார்கள் என்று மனோரமா நினைத்துக்கொள்வாள். பெருமையாகவும் இருக்கும், யாரிடமும் சொல்லவும் முடியாது.

ஆறு மணிக்கே பிரகாஷ் வந்துவிட்டான். கம்பெனியில் குமரவேலுக்கு மேலே இருக்கிற சூப்பர்வைசர். வயசில் பத்து சின்னவன். சட்டையில் கம்பெனி பேர் இல்லாமல், சாதாரண டீ-ஷர்ட்டில் வந்திருந்தான்.

"அக்கா, இன்னிக்கி நான் கஸ்டமர். என்னைய யாருன்னு சொல்லாதீங்க. இந்த பைக் பசங்க வாயத் தொறந்து இன்னா பேசறாங்கன்னு எழுதிக்கினு வரச் சொல்லிட்டாங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "குமார்ணா, நாளைக்கு மீட்டிங்கு. ஹேண்டில பழையபடி எறக்கிடலாம்னு பாதிப் பேரு நிக்கிறாங்க. ஷோரூம்ல பசங்க கத்தறாங்களாம். உன் ரிப்போர்ட் ஒண்ணுதான் கைல கீது. பதினஞ்சு வருசம் ஓட்டினவன், ஒடம்பு சுத்தமா கீற ஆளு, அவன் சொல்றான்னு சொல்லித்தான் நான் மல்லுக்கட்டிக்கினு கீறேன்."

குமரவேல் தலையை ஆட்டினான். மனோரமா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சீறியது.

ஏழு மணிக்குக் கூட்டம் வந்தது. எட்டு வண்டி. அதில் மூன்று குமரவேல் ஓட்டிப் பார்த்த புது மாடல், மூன்று அதே வண்டியின் பழைய மாடல். வளவன் என்கிற பையன் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்காரு முன்னே ஆரம்பித்தான்.

"இத்த வாங்கியிருக்கவே கூடாது மச்சி. பழசுல உக்காந்தா புலி மேல படுத்துக்கினு போற மாதிரி இருக்கும். இப்ப ஹேண்டில தூக்கி வச்சிட்டானுங்க. ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டிக்கினு போலாம்."

"மாட்டிக்கினு போயேன். வீட்டுக்காச்சும் உபயோகமா இருப்ப" என்றாள் ஷாலினி. அவளுடையது பழைய மாடல். மணிக்கட்டை உதறிக்கொண்டே இருந்தாள். "எனக்கு கை செத்துப்போச்சு. திரும்பறப்ப வண்டிய மாத்திக்கலாமா?"

"நீ குள்ளம். உனக்கு அது செட் ஆவும்."

"சீட்டு உசரம் ரெண்டும் ஒண்ணுதான்டா. உன் மண்டைலதான் உசரம் கம்மி."

தாடி வைத்த ஒருத்தன், இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றான். வெண்ணெய்தான் பிரச்சினை என்றான் வளவன். "பழசுல ஆர்.பி.எம். ஆறாயிரம் தாண்டினா ஒரு ஒதறல் வரும் பாரு, அதுலதான் உசுரே."

"ஒதறல் வேணும்னா மிக்ஸி வாங்கிக்கோ" என்றாள் ஷாலினி.

முட்டியில் அனல் அடிப்பது நின்றுவிட்டது, அதுவே பெரிசு என்றான் இன்னொருத்தன். புதுத் திரையில் வெயில் பட்டால் ஒன்றும் தெரியவில்லை, எவ்வளவு வேகம் போனோம் என்று போலீஸ்காரர் சொல்லித்தான் தெரிகிறது என்றான் தாடிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். மூலை மேசையில் பிரகாஷின் கட்டைவிரல் செல்போனில் ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாத்தையும் மன்னிக்கலாம்" என்றான் வளவன். "அந்த ஹேண்டில தூக்கினவன் மட்டும் கைல கெடைக்கணும்."

குமரவேல் சாம்பார் வாளியோடு அவன் பக்கத்தில் நின்றிருந்தான். "கெடச்சா?" என்று கேட்டான்.

"கெடச்சா ஒண்ணே ஒண்ணு கேப்பேண்ணா. நீ வண்டி ஓட்டினியா, ஊஞ்சல் ஆடினியான்னு."

"சாம்பார் ஊத்தவா?"

"ஊத்துண்ணா."

குமரவேலின் காது மடல் சிவந்திருப்பதை மனோரமா பார்த்தாள். அவனுக்குக் கோபம் அங்கேதான் முதலில் ஏறும்.

அப்போது இன்னொரு புது வண்டி தனியாக வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயசு இருக்கும். காலை வீசி இறங்கவில்லை. இடது காலை ஊன்றி, சீட்டைப் பிடித்து, வலது காலை மெதுவாக இழுத்து இறக்கினார். பேர் மணவாளன், அரக்கோணம், ரயில் இன்ஜின் ஓட்டி ரிட்டையர் ஆனவர் என்பதெல்லாம் இட்லி வருவதற்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"யாருப்பா பால்காரன் வண்டின்னது? ரோடு வரைக்கும் கேக்குது" என்றார்.

"நான்தான் அங்கிள். உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"எனக்கு முதுகு ஆப்ரேசன் ஆயி நாலு வருசம். வண்டிய வித்துட்டேன். வித்த அன்னிக்கி எங்க வூட்டுக்காரம்மா பாயசம் வச்சா. இந்த வண்டிய சும்மா உக்காந்து பாக்கலாம்னு போனேன். உக்காந்தேன், எழுந்திருக்கல. நேத்து அரக்கோணத்துலேர்ந்து நேரா திருப்பதி மலைக்குப் போயி, சாமி பாத்துட்டு இப்பதான் எறங்கி வரேன். எங்கயும் நிக்கல."

"சும்மா தூக்கி வச்சிருக்கான் அங்கிள். அவ்ளோதான்."

"தூக்கினா மட்டும் பத்தாது தம்பி. ஒரு வெரக்கட உள்ளாற இஸ்துருக்கான் பாரு, அதான் விசயம். தூக்கறது யாரு வேணா தூக்குவான். இஸ்கணும்னு நோவறவனுக்குத்தான் தெரியும். இத்த பண்ணவன் ஏசி ரூம்ல உக்காந்து பண்ணல. நரம்பு இஸ்துக்கினு, ரோட்டோரம் நின்னு அழுதவன் பண்ணது."

மனோரமாவின் கையில் தோசைக் கரண்டி நின்றுவிட்டது. குமரவேல் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. விழுந்ததை எடுக்க வேண்டும். யோசிக்காமல் எடுக்கப் போனான். ஒரு கையால் மேசையைப் பிடித்து, இடது காலைப் பின்னால் நீட்டி, முதுகு வளையாமல் வலது முட்டியை மட்டும் மடித்து இறங்கி, டம்ளரைத் தொட்டு, அப்படியே ஏறினான்.

மணவாளன் கை தட்டிச் சிரித்தார். "தோ பாரு, நான் எடுக்கிற மாதிரியே எடுக்கிறாரு! முதுகுல எந்த எலும்பு தம்பி? நாலா, அஞ்சா?"

மூலை மேசையில் கட்டைவிரல் ஓடுவது நின்றது. பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தான். முதலில் மணவாளனை, பிறகு குமரவேலை, பிறகு வெளியே நிற்கிற வண்டியின் ஹேண்டிலை.

"அக்கா" என்றான். "இன்னா அண்ணனுக்கு?"

"அதுவா? நேத்து மோட்டார் ரிப்பேரு. தண்ணிக் கொடம் தூக்காதன்னு சொன்னேன், கேட்டாத்தானே! புடிச்சிக்கிச்சி" என்றாள். தோசையைத் திருப்பிக்கொண்டே, சிரிப்போடு, தடங்கல் இல்லாமல் வந்தது. எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பொய்! திருப்பின தோசை அடியில் கரிந்திருந்தது.

பிரகாஷ் முகம் கொஞ்சம் தெளிந்தது. நம்ப வேண்டுமென்று அவனுக்கும் இருந்தது. "பயந்துட்டேன்கா" என்று மறுபடி செல்போனைப் பார்த்தான்.

குமரவேல் டம்ளரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "பிரகாசு, கொஞ்சம் இப்படி வா" என்று வண்டிகள் நிற்கிற பக்கம் நடந்தான். மனோரமா அடுப்பைத் தணித்துவிட்டுக் கரண்டியோடு பின்னாலேயே போனாள்.

"கொடம் இல்லப்பா" என்றான். "ஒண்ணரை வருசம் ஆவுது. அஞ்சாம் எலும்பு. கட்டவெரல்ல உணர்ச்சி இல்ல. கியர் போட்டனா இல்லியான்னு சத்தத்த வச்சித்தான் தெரிஞ்சுக்கிறேன்."

"பாவா! லூசா நீ?" என்றாள் மனோரமா. "மூணு நாளு. மூணு நாளு வாய மூடிக்கினு இருக்க முடியல உனக்கு?"

"நாளைக்கு இவன் அங்க போயி, ஒடம்பு சுத்தமா கீறவன் சொன்னான்னு பேசுவாம்மே. அது பொய்யி. நான் எனக்கு வச்சிக்கினது அது. தறியில கட்ட குடுக்கற மாதிரி குடுத்தேன். அடுத்த தறிக்காரனுக்கும் அதே கட்டையத்தான் குடுக்கணும்னு எவன் சொன்னான்? நானும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கம்முனு இருந்துட்டேன்."

பிரகாஷ் கையில் இருந்த செல்போனைப் பையில் போட்டான். கரும்பு டிராக்டர் ஒன்று போய் முடிகிற வரை நின்றான்.

"பதினோரு பேரு கையெழுத்துப் போட்டாங்களேண்ணா."

"என் மூஞ்சப் பாத்துப் போட்டானுங்க."

"இத்த நான் எழுதினா புதங்கெழம உன்ன அங்க நிக்க வெக்க முடியாது. தெரியும்ல?"

"எழுது. கூடவே இன்னொண்ணும் எழுது. அந்தப் பெரியவரு பேசினதயும் விடாத எழுது. ஹேண்டில எறக்காதீங்க, ஏத்தியும் வெக்காதீங்க. துண்டு வச்சும் குடுங்க, வெக்காமயும் குடுங்க. வாங்கறவன் முதுகக் கேட்டு முடுக்குங்க. பத்து நிமிச வேல."

"வேற வேல ஸ்டோர்ல ஏதாச்சும் கேட்டுப் பாக்கறேண்ணா. சத்தியம் பண்ண மாட்டேன்."

"பண்ணாத."

"கண்ணு முன்னாடி அந்தக் காலோட ஓட்டிக்கினு இருந்திருக்கியே" என்றான் பிரகாஷ். அவன் குரல் கோபமாகத்தான் இருந்தது. "எதிர்ல ஒரு லாரி வந்தா?"

அந்த லாரியை மனோரமா தினமும் விடியற்காலையில், பூட்ஸ் பட்டையை இறுக்கும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் இறுக்கினாள். மகள் தீபா வேலூரில் நர்சிங் மூன்றாம் வருஷம், இன்னும் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறுக்கினாள்.

சாப்பிட்டு முடித்து வளவன் வண்டியிடம் வந்தான். குமரவேல் ஹேண்டிலின் அடியைத் தொட்டுக் காட்டினான்.

"தம்பி, இங்க ரெண்டு துண்டு கீது பாரு. ஷோரூம்ல சொல்லி எடுக்கச் சொல்லு. பழைய உசரம் வந்துடும். உன் முதுகு நல்லா கீது, உனக்கு வேணாம்."

வளவன் குனிந்து பார்த்தான். எவ்வளவு சுலபமாகக் குனிகிறான் என்று மனோரமாவுக்குத் தோன்றியது. "உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

"நான்தான் ஊஞ்சல் ஆடினவன்."

வளவன் விளங்காமல் சிரித்தான். பிறகு குமரவேல் நிற்கிற நிலையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். கிளம்பும்போது ஹேண்டிலை ஒரு தடவை கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். பின்னால் ஷாலினி கத்தினாள்: "டேய், அந்தத் துண்டு உனக்கு வேணாம்னா எனக்குக் குடு!"

மனோரமா மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்கு ஆங் என்றாள். செவ்வாய்க்கிழமை அவளே அந்த ஊசி மருந்தை எடுத்துப் போய் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை விடியற்காலை வழக்கம்போல் முழிப்பு வந்தது. கட்டிலடியில் குந்திய பிறகுதான் உறைத்தது. கம்பெனி ஆட்கள் முந்தின நாளே வண்டியை, ஹெல்மெட்டை, பூட்ஸை எல்லாம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். குமரவேல் கட்டிலில் இல்லை. கடையில் விளக்கு எரிந்தது.

அவன் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தான். முதல் தோசையைத் திருப்ப முன்னால் சாய்ந்தவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு "யப்பா" என்றான். அந்த அடுப்பு அவள் உயரத்துக்குப் போட்டது. அவனுக்கு ஒரு சாண் தாழ்வு.

மனோரமா பின்பக்கம் போய் நாலு செங்கல்லை மார்போடு அணைத்து எடுத்து வந்தாள். கேஸை அணைத்தாள். "தூக்காத நீ, தள்ளி நில்லு" என்று, அவளே அடுப்பை ஒரு மூலையாகத் தூக்கித் தூக்கி, காலுக்கு ஒரு கல்லை நிமிர்த்திக் கொடுத்தாள். அடுப்பை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"இப்ப நில்லு."

நின்றான். தோசை ஊற்றினான். திருப்பினான். முதுகு வளையவில்லை. தோசை ஆந்திரா எல்லை மாதிரி கோணல்மாணலாக வந்தது.

"ஒடம்பு கேக்குதா?"

"ஆங். இத்த பண்ணவன் யாருப்பா, நல்லா கீறான்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டவில்லை. "பல் துலக்கிக்கினு வா, போ. டிராக்டர்காரங்க வர நேரம்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவள் நின்றாள். தோசைக்கல் இப்போது அவள் மாருக்கு வந்துவிட்டது. கை எட்டவில்லை. அனல் நேரே முகத்தில் அடித்தது.

"எனக்கு எட்டல பாவா."

"அப்ப செங்கல்ல எடுத்துடலாமா?"

"எடுத்தா உனக்கு நோவும். இரு."

தார்ப்பாய்க்கு முட்டாகக் கிடந்த மணல் மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முக்கி, தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அடுப்புக்கு முன்னால் போட்டு, காலால் மிதித்து மட்டமாக்கி, மேலே ஏறி நின்றாள். சரியாக இருந்தது. அவன் நிற்கிறபோது அவளே ஓரம் தள்ளிவிடுவாள், தான் நிற்கிறபோது இழுத்துக்கொள்வாள்.

"இன்னாமே, சக்களத்தி மேல ஏறி நிக்கிற?"

"பதினஞ்சு வருசமா உன் பின்னாடி சொகமா ஒக்காந்துக்கினு வந்தா இல்ல? இருக்கட்டும், கொஞ்ச நாளு" என்றாள் மனோரமா, மாவைக் கல்லில் ஊற்றிக்கொண்டே.